கத்தாத மாட்டுக்கு ஒரு கழுத்துப்பட்டை

எங்கள் மாடு கத்தாது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம்.

மாடு வைத்திருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பசு பருவத்துக்கு வந்தால் கத்தும். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். கயிற்றை இழுக்கும், தீனியைத் தொடாது. அந்த ஒரு நாளுக்குள் சினை ஊசி போட்டுவிட வேண்டும். விட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். சில மாடுகள் மட்டும் பருவம் வந்தாலும் ஒரு சத்தமும் போடாது. ஊமைப் பருவம் என்பார்கள். எங்களுடையது அந்த ரகம். முதல் கன்று போட்டு ஒன்றரை வருடம் ஆகியும் அடுத்தது நிற்கவில்லை. மூன்று முறை ஊசி போட்டோம். மூன்றும் குத்துமதிப்பாகப் போட்டது. 'இன்னிக்கு இருக்குமோ', 'வாலைத் தூக்குற மாதிரி இருக்கே' என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பிப் போட்டது. மூன்றும் வீண்.

போன மார்கழியில் என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். "தை முடியறதுக்குள்ள நிக்கலன்னா மாசியில கொடுத்துடலாம்" என்றார். தரகரிடம் வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சினையில்லாத மாடு தரகர் கைக்குப் போனால் எங்கே போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். தரகர் மட்டும் "வளக்கிறவங்களுக்குத்தான் கொடுப்பேன்" என்பார். பால் வற்றிக்கொண்டே வருகிற மாட்டை வாங்கி எவன் வளர்ப்பான்? பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

எங்கள் வீட்டில் நிலம் அவர் பெயரிலும் சிங்கப்பூரில் இருக்கிற அவர் தம்பி பெயரிலும் இருக்கிறது. வீடு மாமனார் பெயரில். மாடு மட்டும்தான் என்னுடையது. கிடேரிக் கன்றாக வந்ததிலிருந்து நான் வளர்த்தது. ஒரு ஐப்பசியில் கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றபோது அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ரோட்டு மேலேயே இருந்தவள் நான். அதைக் கேட்காமல் கொள்ளாமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, சோறு போடு என்று உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்? சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

அந்த வாரம்தான் பால் சொசைட்டிக்கு ஒரு பெண் வந்தாள். மாட்டுக் கழுத்தில் கட்டுகிற ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். ஒரு வருடத்துக்குச் சும்மா கொடுப்பார்களாம். பருவத்துக்கு வந்தால் கத்தாத மாடு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். வேறு எதிலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். நாகப்பட்டினம் பக்கத்து ஊர். அம்மா நடவு வேலைக்குப் போனவர், மகள் இன்ஜினியர். பேன்ட்டை மடித்துக்கொண்டு சாணியைப் பார்க்காமல் கொட்டகைக்குள் வந்தாள். மாட்டின் தாடைக்குக் கீழே சொறிந்துவிட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது. சரி, மாடு தெரிந்தவள்தான் என்று நினைத்தேன்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அகலமான ஒரு பட்டை. அதில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மாடு நடக்கிறதா, படுத்திருக்கிறதா, அசை போடுகிறதா என்று அதற்குள் இருக்கிற ஏதோ ஒன்று கவனித்துக்கொண்டே இருக்குமாம். பருவத்துக்கு வந்த மாடு சத்தம் போடாவிட்டாலும் கால் மாற்றும், திரும்பும், அசை போடுவது குறையும். அதைக் கண்டுபிடித்து மொட்டைமாடியில் வைக்கிற இன்னொரு பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டி என் போனுக்குச் சொல்லும்.

"இதுக்கு எங்க சார்ஜ் போடுறது?" என்று கேட்டேன்.

"போட வேணாங்க்கா. கைக்கடிகாரத்துல இருக்குமே, பொத்தான் மாதிரி பேட்டரி, அதுதான் உள்ள இருக்கு. மூணு நாலு வருசம் தாங்கும்."

"கதை விடாத. என் போனு சாயங்காலத்துக்குள்ள செத்துடுது."

"உங்க போனு எப்பவும் பேசிக்கிட்டே இருக்குக்கா. நீங்க பேசாதப்பவும் டவரோட பேசும். இது அப்படி இல்ல. முக்கால்வாசி நேரம் தூங்கும். நடுவுல கண்ணு முழிச்சுப் பாக்கும். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா மட்டும் ரெண்டு வார்த்த சொல்லிட்டு மறுபடியும் தூங்கிடும். யோசிக்கிறதுக்கு அவ்வளவா கரண்ட் ஆவாது. பேச்சுதான் செலவு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தூணில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் எண்பது வயது வரைக்கும் ஏன் இருப்பார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"மாட்டுக்கு இதால ஒண்ணும் ஆவாதே? டவரு மாதிரி?"

"உங்க போனு கத்துதுன்னா இது குசுகுசுன்னு பேசுது, அவ்வளவுதாங்க்கா. வாய்க்கா கரையத் தாண்டினா மாடிப் பெட்டிக்கே எட்டாது. தாண்டிப் போயிட்டா நடந்ததை ஞாபகம் வெச்சுக்கிட்டு, திரும்பி வந்ததும் மொத்தமா சொல்லும்."

பத்து நாள் சும்மா கட்டி வைக்கச் சொன்னாள். அதற்குள் மாட்டின் வழக்கம் என்ன என்று அது கற்றுக்கொள்ளுமாம். தண்ணீர் பட்டால் கெடாது, மாடு முட்டினாலும் உடையாது என்றெல்லாம் சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டை பத்து நாளும் நன்றாகத்தான் இருந்தது. பொங்கல் வந்தது.

மாட்டுப் பொங்கலன்று பழைய கயிறு எதுவும் மாட்டின் மேல் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். வாய்க்காலில் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மூக்கணாங்கயிறு, கழுத்துக்கயிறு எல்லாம் புதிதாகப் போடுவார்கள். அது ஆண்கள் வேலை. நான் அடுப்படியில் இருந்தேன். மூன்று பானைப் பொங்கல், ஏழு காய்க் கூட்டு, வடை. வெளியே வந்து பார்த்தபோது மாடு புதுக் கயிறும் சலங்கையும் பூமாலையும் போட்டுக்கொண்டு என்னைவிட லட்சணமாக நின்றது. பக்கத்திலேயே வீட்டுக்காரரின் மொபெட். அதையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார். உழவு மாடு இருந்த காலத்தில் அதற்குச் செய்த மரியாதையை இப்போதெல்லாம் எங்கள் ஊரில் வண்டிக்குச் செய்கிறார்கள். விழுந்து கும்பிட்டேன், இரண்டுக்கும் சேர்த்து.

மறுநாள் காணும் பொங்கல். வீட்டுக்காரர் பேராவூரணிப் பக்கம் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு வண்டியில் போனார். எங்கள் வயலில் அறுப்பு மிஷின் அன்றோ மறுநாளோ வரும் என்ற நிலை. "இப்ப எதுக்கு?" என்று கேட்டேன். "வருசத்துக்கு ஒருநாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். அவர் வந்து கால் கழுவுவதற்குள் என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன்.

'உங்கள் விலங்கு இன்று ஆறு மணி நேரம் வழக்கத்தை விட மிகுந்த உற்சாகத்தில் இருந்தது. கருவூட்டலுக்கு ஏற்ற சமயம்.'

எந்தக் கம்ப்யூட்டர் அந்தத் தமிழை எழுதியதோ தெரியாது. உடனே ஊசி போடுகிறவருக்கு போன் செய்தேன். அவர் கால்நடை டாக்டர் இல்லை, ஊசி போடப் பயிற்சி எடுத்தவர். ஊரில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மாமியார் வீட்டில் சாப்பாட்டில் இருந்தார்.

"சாயங்காலம் வந்த பருவத்துக்கு விடியக்காலம் போடணும். காலையில வரேன்க்கா. மூணு வாட்டி போட்டாச்சு, இது நாலாவது. மிஷினே சொல்லுதுன்னா இந்த வாட்டி நிக்கும்" என்றார்.

காலையில் ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிட்டார். ஊசி வைத்திருக்கிற கேனைத் திறந்ததும் புகை வந்தது. தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். மாடு படுத்துக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தது. எழுப்புவதற்கே நாலு அடி அடிக்க வேண்டியிருந்தது.

கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா, பருவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"போன்ல வந்திருக்கே டாக்டரே. நேத்து ஆறு மணி நேரம் நிலை கொள்ளாம இருந்திருக்கு."

"ஆறு மணி நேரமா? அவ்வளவு நேரம் எங்க போச்சு, காணும் பொங்கலுக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"நீங்க சரியா பாக்கல. இன்னொரு தடவ பாருங்க."

"இருபது வருசமா கைய விட்டுப் பாக்குறேன். நீங்க போனைப் பாக்குறீங்க. சரி, யாரு சரின்னு மாட்டையே கேப்போமா?"

டாக்டர் கோபமாக இருக்கிறார் என்று தெரிந்து, வீட்டுக்காரர் வடை வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். சண்டை வந்தால் அவர் செய்கிற முதல் வேலை அது. அதற்குள் டாக்டர் மாட்டின் கழுத்தில் இருந்த மாலையை ஒதுக்கிப் பார்த்தார்.

"பட்டை எங்கக்கா?"

பார்த்தேன். புதுக் கயிறு இருந்தது. சலங்கை இருந்தது. பட்டை இல்லை. காலையும் மாலையும் பால் கறக்கிறவள் இதைக்கூடவா பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பால் கறக்கிறவள் மடியைத்தான் பார்ப்பாள், கழுத்தை இல்லை. வேண்டுமானால் நீங்கள் கறந்து பாருங்கள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வடைப் பொட்டலத்தோடு வந்து கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினார். என் கையில் இருந்த போன் அடித்தது. 'உங்கள் விலங்கு மிகுந்த உற்சாகத்தில் உள்ளது.'

டாக்டர் போனைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். வண்டிக்குப் போய் சாமந்தி மாலையைத் தூக்கிப் பார்த்தார். ஹேண்டில்பாருக்குக் கீழே, இறுக்கிக் கட்டி, நடுவில் குங்குமப் பொட்டோடு இருந்தது பட்டை.

"என்னங்க இது?" என்றேன்.

"மாட்டுப் பொங்கலன்னிக்குக் கழுத்துல பழசு இருக்கலாமா? கழட்டினதை அன்னிக்கே திரும்பவும் கட்டக் கூடாது. தரையில போடவும் மனசு வரல. வண்டியில கட்டினேன்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீ வடை சுட்டுக்கிட்டு இருந்த."

டாக்டர் உறையைக் கழற்றி மடித்தார். "அண்ணே, வந்தது வந்துட்டேன். வேணும்னா உங்க வண்டிக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போறேன். நல்ல ஜெர்சி இருக்கு." வடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போனவர் சும்மா இருந்தாரா? மன்னார்குடி வரைக்கும் அவர் போகாத ஊர் கிடையாது. இரண்டே நாளில் டீக்கடையில் என் வீட்டுக்காரரிடம் "அண்ணே, வண்டி எத்தன மாசம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு வேண்டும். ஆனால் என்னையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். சொசைட்டியில் பால் ஊற்றப் போனால், "அக்கா, வண்டிப் பால் தனியா இருக்கா, கலந்துட்டீங்களா?" என்று ஒருத்தி. அவள் வீட்டுப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அதை அங்கேயே சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டையை நானே மாட்டின் கழுத்தில் கட்டினேன். குங்குமத்தைத் துடைத்தேன். அந்தப் பெண்ணுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அரை நிமிடம் சத்தமே இல்லை. போனைத் தூரமாக வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். பிறகு, "ரெண்டு நாள் கணக்கை அழிச்சிட்டேங்க்கா, இனிமே மாட்டு கணக்கு மட்டும்தான்" என்றாள்.

தை பன்னிரண்டு. வயலில் வைக்கோல் கட்டுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. அதே உற்சாகம். முதலில் வண்டியைப் போய்ப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அது சுவரோரம் சும்மா நின்றது. கொட்டகைக்கு ஓடினேன். பட்டை கழுத்தில் இருந்தது. மாடு எப்போதும் போல நின்றது. கத்தவில்லை. என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

டாக்டருக்கு போன் செய்தேன். "வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு மொதல்ல பாத்துட்டு வாங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. தை முடிய இன்னும் பதினேழு, பதினெட்டு நாள்தான். இதை விட்டால் அடுத்தது மாசியில். மாசியில் தரகர்.

அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். "இரும்மா சிரிக்காத, நெசமாவே மாடுதானா சொல்லு" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மாடுதாங்க்கா. அன்னிக்கு வந்தது ஒரே சீரா அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு, அசை போட்டதே இல்ல. நான் அப்பவே பாத்திருக்கணும், லீவுல இருந்துட்டேன். இன்னிக்கு விடியக்காலம் நாலு மணியிலேந்து நடக்குது, நிக்குது, திரும்புது. நடுநடுவுல கொஞ்சமா அசை போடுது, எப்பவும் போடுறதுல பாதிதான். வண்டி அசை போடாதுங்க்கா."

இது போதும் எனக்கு. மொபெட்டை எடுத்தேன். டாக்டர் அடுத்த ஊர் சொசைட்டி வாசலில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வாங்கக்கா, வண்டிய கூட்டிக்கிட்டே வந்துட்டீங்க?" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"டாக்டரே, வண்டி அசை போடுமா?"

"என்னது?"

"அசை போடுமா, போடாதா? இருபது வருசமா கைய விட்டுப் பாக்குறீங்களே, சொல்லுங்க."

"போடாது."

"என் மாடு காலையிலேந்து பாதி அசைதான் போட்டிருக்கு. மிஷின் சொல்லுது. நீங்க வந்து பாத்து இல்லன்னு சொல்லுங்க, இனிமே உங்கள கூப்புடவே மாட்டேன். வரலன்னா இங்கயே நின்னு பேசிக்கிட்டே இருப்பேன். எனக்கு ஒரு வேலையும் இல்ல."

வயலில் எனக்கு மலை போல வேலை இருந்தது. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கேனை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

கொட்டகையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாலைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியது. நல்ல பருவத்துக்கு அதைவிட அடையாளம் வேண்டாம்.

"அடப்பாவி மாடே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்று அதன் முதுகில் தட்டினார். காலையில் வந்த பருவம் என்று சாயங்காலம் மறுபடி வந்து ஊசி போட்டார். என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஊசி நின்றிருந்தால் மூன்று வாரம் கழித்து மறுபடி பருவம் வராது. அதாவது பட்டை ஒன்றும் சொல்லாது. பேசாமல் இருந்தால் நல்ல செய்தி. ஆனால் பேட்டரி செத்திருந்தாலும் பேசாதே? மாடிப் பெட்டியை எலி கடித்திருந்தாலும் பேசாதே? இந்த வீட்டில் பேசாமல் இருக்கிறவர்களை நம்பி நான் பட்டது போதாதா? பதினெட்டாவது நாளிலிருந்து மணிக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போனேன். இருபதாவது நாள் தாங்க முடியாமல், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பட்டையைப் பிடித்து நன்றாக ஆட்டினேன். ரொம்ப நேரம் ஆட்டினேன். போன் அடித்தது. 'உங்கள் விலங்கு மிகுந்த உற்சாகத்தில் உள்ளது.' உயிர் இருப்பது தெரிந்துவிட்டது. உடனே, நான் ஆட்டியதால் சொன்னதா, மாடே ஆடியதால் சொன்னதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அங்கேயே சாணிக்கூடை பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். "அக்கா, நீங்கதான் ஆட்டியிருக்கீங்க. நல்லா தெரியுது. மாடு இவ்வளவு கோவமா ஆடாது" என்றாள். "நாலு நாளைக்கு அது பக்கமே போவாதீங்க" என்றும் சொன்னாள். பால் கறக்க மட்டும் போனேன். நாலு நாளும் போன் வாயைத் திறக்கவில்லை.

மாசி பாதியில் தரகர் வந்தார். வாசலில் நின்றபடியே, "என்ன மாமா, மாட்டை அவுக்கலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

நான் வெளியே வந்தேன். "சினையா இருக்கு. அவுக்க முடியாது."

"டாக்டரு பாத்துட்டாரா?"

"கையால பாக்க ரெண்டரை மாசம் ஆவணும். இப்போதைக்கு மிஷின் ஒண்ணும் சொல்லல."

"மிஷின் பேசலன்னா சினையா? அத்தே, எங்க வீட்டு ரேடியோகூட பத்து வருசமா பேசல. அதுக்கும் கன்னுக்குட்டி பொறக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பங்குனி கடைசியில வாப்பா" என்றார்.

"மாமா, வாக்குக் கொடுத்திருக்கீங்க."

"மாடு என்னுது இல்ல. தெரியாம கொடுத்துட்டேன்."

தரகர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், போனார். அன்று நான் குழம்பு ஊற்றினேன். இரண்டு தடவை ஊற்றினேன்.

பங்குனி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது டாக்டர் வந்தார். மறுபடி தோள் வரைக்கும் உறை. கையை உள்ளே விட்டு, கொட்டகைக் கூரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணை மூடினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஆனது.

"இருக்கா இல்லையா, சொல்லித் தொலைங்க" என்றேன்.

"நிக்குதுக்கா" என்றார். "நல்லா நிக்குது."

நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது தலையை ஆட்டி என்னை ஒதுக்கிவிட்டுத் தொட்டியில் வாயை வைத்தது. டாக்டர் கை கழுவ வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றினார். சோப்பு போட்டுக்கொண்டே டாக்டர் விரல் விட்டு மாதத்தை எண்ணினார்.

"ஐப்பசியில கன்னு போடும். நல்ல அடை மழையில வந்து நிக்கப் போவுது. நான் உள்ள நின்னப்ப பாத்தேன், மூணு எடத்துல வானம் தெரியுது. கூரைய மாத்துங்க அண்ணே."

வீட்டுக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஐப்பசிதானே. பாத்துக்கலாம்" என்றார்.

பாத்துக்கலாமாம். நான் ஆரம்பித்தேன். டாக்டர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.